தோணிப் பாயும் பாராளுமன்றக் கேள்வியும்

எழுபத்தொன்றாம் வருஷம் நாடு போருக்குப் போவதற்குப் பத்து நாள் முன்பாகவே, தூத்துக்குடியில் ஓலைக்கடை அய்யாக்குட்டி போருக்குப் போய்விட்டார். அவருடைய எதிரி தோணிக்கார மனுவேல். ஆயுதம், பாராளுமன்றம்.

காரணம் ஓலைதான். கோடையில் வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களை மழைக்காலத்தில் பனையோலை போட்டு மூடுவது உப்பளத்துக்காரர்களின் வழக்கம். மூடாமல் விட்டால் இரண்டு மழையில் உப்பு வந்த வழியே கடலுக்குப் போய்விடும். சாயர்புரத்துப் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து அந்த ஓலையை வண்டி வண்டியாக இறக்கி விற்றுத்தான் அய்யாக்குட்டி பிழைத்தார். அந்த வருஷம் பெருமழை என்று பஞ்சாங்கம் சொன்னதை நம்பி, தம் சரக்குக் கிட்டங்கியின் கூரை முட்ட ஓலையை அடுக்கிவிட்டார். உச்சிக் கட்டை எடுத்துவர ஏறிய ஆள், காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துப் போனான். பாதி வழியில் பசித்துத் தின்றுவிட்டு, உச்சியைப் பார்க்காமலே இறங்கினான் என்றால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

ஓலைக்குத் தை பிறக்கும்வரைதான் ஆயுசு. அதற்குள் போகாததைக் கறையான் எடுத்துக்கொள்ளும். கறையான் காசு கொடுத்து எவரும் பார்த்ததில்லை. கிட்டங்கி காலியாகுமா என்பதுதான் அய்யாக்குட்டிக்கு அந்தக் கார்த்திகையின் ஒரே கவலை.

மனுவேலுக்குக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்மரத் தோணிகள் பதினொன்று. சண்டை வரும்போல இருக்கிறது என்று கொழும்புப் பயணத்தை நிறுத்திவிட்டதால் பதினொன்றும் கரையில் படுத்திருந்தன. அவற்றின் பாய்கள் மடித்து வைத்த இடத்தில் சும்மா கிடந்தன. மனுவேலுக்கு ஒரு சின்ன உப்பளமும் உண்டு. ஓலை வாங்குவானேன் என்று ஒரு பெரிய பாயை இழுத்து உப்பு அம்பாரத்தைப் போர்த்தினார். மழை பெய்தது, உப்பு அசையவில்லை. பக்கத்து அளத்துக்காரர் வந்து பார்த்தார். தமக்கும் ஒன்று கேட்டார். கார்த்திகை பாதி ஆவதற்குள் பாதி அம்பாரங்கள் வெள்ளைப் பாயைப் போர்த்திக்கொண்டு, மாதா கோயில் கல்யாணத்துக்குக் கிளம்பிய பெண்கள்போல் நின்றன.

ஊரில் அப்போது, எதிரி கண்ணில் படாமலிருக்க ராத்திரி விளக்கை அணைக்கும் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. பௌர்ணமி நெருங்கியது. நிலவு பட்டதும் அந்தப் பாய்கள் அடித்த வெளிச்சத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். விடிந்துவிட்டது என்று நினைத்த சேவல்கள் ராத்திரி முழுக்கக் கூவித் தொண்டை கட்டிப்போய், பகலில் ஊமையாகத் திரிந்தன. அய்யாக்குட்டிக்கு அதைப் பார்த்ததும் ஒரு யோசனை பிறந்தது. டீக்கடையில் மனுவேலைப் பிடித்தார்.

“என்னவே மனுவேலு, ஊரே பொந்துக்குள்ள இருக்க மாதிரி இருக்கு. நீரு மட்டும் அளத்துல வெளிச்சம் போட்டு வச்சிருக்கீரு. சப்மெரின்காரனுக்கு வழி காட்டுதீரோ?”

“சப்மெரின்காரன் கண்ணு தண்ணிக்கு அடியில கெடக்கு அண்ணாச்சி. ஒம்ம கண்ணுதான் என் பாய் மேல கெடக்கு. பாய் மின்னவும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

டீக்கடை சிரித்தது. பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் சிரித்த சிரிப்பில் பால் வேறொருவர் கிளாஸில் விழுந்தது. அந்தச் சிரிப்பை அய்யாக்குட்டியால் செரிக்க முடியவில்லை.

அற்புதமணி என்று ஒருவர், சாயர்புரம் பள்ளிக்கூடத்தில் அய்யாக்குட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர். எங்கோ வடக்கே ஒரு தொகுதியில் நின்று எம்.பி. ஆகியிருந்தார். சபைக்குப் போன நாளிலிருந்து வாயைத் திறக்காததால் தொகுதியில் கெட்ட பெயர். ‘கேட்பதற்கு ஏதாவது கேள்வி இருந்தால் அனுப்பு’ என்று பழைய சிநேகிதர்களுக்கெல்லாம் கார்டு போட்டிருந்தார். அந்தக் கார்டை எடுத்துக்கொண்டு அய்யாக்குட்டி நேரே டைப்பிங் இன்ஸ்டிட்யூட் கிருபாபாயிடம் போனார். அவர் தமிழில் சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் இங்கிலீஷில் தட்டினாள்.

கேள்வி இதுதான்: ‘(அ) தூத்துக்குடியில் உப்பு அம்பாரங்களை மூடியுள்ள வெள்ளைத் தோணிப் பாய்கள் நிலவில் மின்னி எதிரிக்கு அடையாளம் காட்டுவது உண்மையா, (ஆ) உண்மையெனில், அவற்றை அகற்றிப் பனையோலையால் மூட அரசு உத்தரவிடுமா, (இ) அதற்குப் போதுமான ஓலை அவ்வூரில் ஒரே இடத்தில் தயாராக இருப்பதை அரசு அறியுமா, இவற்றை அமைச்சர் தெரிவிப்பாரா?’

“மூணாவதுல ஒங்க கடை விலாசத்தையும் போட்டுருவமா அண்ணாச்சி?” என்றாள் கிருபாபாய், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

“போடலாமாம்மா?” என்றார் அய்யாக்குட்டி, நிஜமான ஆசையோடு.

கேள்வி டெல்லிக்குப் போனது. சபையில் வாயால் பதில் சொல்லவேண்டிய கேள்விக்குப் போடும் நட்சத்திரத்தை அங்கே அதற்குப் போடவில்லை. எழுத்தில் பதில் சொன்னால் போதும் என்று எண் மட்டும் கொடுத்தார்கள். அதற்குள் நிஜமான சண்டையே வந்துவிட்டது. விமானம் எது, பருந்து எது என்று தெரியாமல் ஊர் மேலே பார்த்தபடி நடந்ததில் தெருவில் மோதிக்கொண்டவர்கள் அதிகம். அய்யாக்குட்டி மட்டும் தபால்காரரைப் பார்த்தபடி நடந்தார்.

பாராளுமன்றத்தில் ஒரு கேள்வி கேட்டால் அமைச்சர் பதில் சொல்வார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமைச்சருக்குத் தூத்துக்குடி உப்பைப் பற்றி என்ன தெரியும்? அவர் செயலாளரைக் கேட்பார். செயலாளர் மெட்ராஸைக் கேட்பார். மெட்ராஸ் ஜில்லாவைக் கேட்கும். ஜில்லா தூத்துக்குடியில் ஓர் ஆபீஸைக் கேட்கும். எந்த ஆபீஸ் என்று சொல்லவேண்டாம். அங்கே இன்னும் அதே நாற்காலிதான் கிடக்கிறது. அந்த ஆபீஸில் வெள்ளத்துரை என்று ஒரு கிளார்க். கேள்வி படி இறங்கி இறங்கி அவர் மேஜைக்கு வந்தது. அதற்குக் கீழே படி இல்லாததால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓலைக் கிட்டங்கிக்கு வந்தார்.

“அண்ணாச்சி, டெல்லியில எவனோ ஒரு வேலையத்தவன் கேள்வி கேட்டிருக்கான். பதில் நாளைக்குத் தந்தியில போகணும். ஓலையப் பத்தி விவரம் தெரிஞ்ச ஆளு யாருன்னு விசாரிச்சேன். எல்லாரும் ஒங்களத்தான் சொல்லுதாக.”

ஃபைல் கட்டைப் பிரித்து நீட்டினார். அய்யாக்குட்டி தம்முடைய கேள்வியைத் தாமே முதல்முறையாகப் பார்ப்பவர்போல் கண்ணாடி போட்டுப் படித்தார்.

“வேலையத்தவன் மாதிரித் தெரியலயே. ரொம்ப வெவரமான ஆளு கேட்ட மாதிரில்லா இருக்கு.”

“என்னத்தையும் இருக்கட்டும். நீங்களே பதிலை எழுதிக் குடுத்துருங்க.”

உலகத்தில் எந்தப் போரிலும் எந்தத் தளபதிக்கும் இப்படி ஒரு வசதி வாய்த்ததில்லை. அய்யாக்குட்டி பேனாவைத் திறந்து, (அ) என்று போட்டு, ‘ஆம்’ என்று எழுத ‘ஆ’ வரைக்கும் வந்துவிட்டார்.

“ஆமுன்னா நல்லதாப் போச்சு” என்றார் வெள்ளத்துரை, விசிறிக்கொண்டே. “அதுக்கு ஒரு ஆர்டர் தயாரா இருக்கு. பாதுகாப்புச் சட்டப்படி இந்த ஓலை மொத்தத்தையும் பட்டாளம் எடுத்துக்கிடும். அம்பாரத்துக்கு மட்டுமில்ல. எண்ணெய் டாங்கி, பீரங்கி எல்லாத்துக்கும் மேல போடணுமாம். சாயங்காலம் லாரி வந்துரும்.”

“விலை?”

“அதுக்குச் சண்டை முடிஞ்சதும் கமிட்டி போடுவாக. போன சண்டையில எடுத்த சாக்குக்கு இப்பத்தான் கமிட்டிக்கு நாற்காலி வாங்கியிருக்காக.”

அய்யாக்குட்டி பேனாவை மூடினார். கிட்டங்கியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். ஓலை உச்சி தெரியவில்லை.

“தம்பி, இது ‘இல்லை’ன்னு வந்தா?”

“இல்லைன்னா மத்த ரெண்டு கேள்வியும் எழாது, பதிலே வேண்டாம். ஆர்டரும் கிடையாது. ஆனா நான் பாயை நேர்ல பார்த்து எழுதணும்.”

“வாங்க, இப்பமே போவோம். பாய் மின்னாது. நான் சொல்லுதேன்” என்றார் அய்யாக்குட்டி. மூன்று வாரத்துக்கு முன்பு டீக்கடையில் நடந்த விவாதத்தில் அவர் கட்சி மாறிவிட்டார்.

அவர்கள் போனது நட்ட நடுப் பகல். மனுவேல் தம் அளத்தில், பாயின் ஓரத்தைக் கயிற்றால் இழுத்துக் கட்டிக்கொண்டு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார். அது அய்யாக்குட்டிக்குத் தெரியாது.

“நல்லாப் பாருங்க தம்பி. இதா வெள்ளை? பத்து வருசமா உப்புத் தண்ணியும் மீனெண்ணெயும் குடிச்ச பாய். கரியும் அழுக்குமா, அடுப்பாங்கரைப் பிடிதுணி மாதிரி இருக்கு. இது எங்கன மின்னும்?”

அம்பாரத்துக்குப் பின்னாலிருந்து மனுவேலின் தலை எழும்பியது.

“யாருவே அழுக்குங்கது?”

“நான்தாம்வே. நீரு பேசாம இரும்.”

“பேசாம இருக்கதா? சேசுவே! கொழும்புத் துறைக்குள்ள என் தோணி நுழையுதப்ப, துரைமாரே பார்த்துத் தொப்பியத் தூக்கின பாய்வே இது. என் பிலோமினா வருசத்துக்கு ரெண்டு தடவ சவுக்காரம் போட்டு அலசுதா. சார், நீங்க எழுதிக்கிடுங்க. இது வெள்ளை. எங்க மாதா சுரூபத்துக்குச் சாத்துத துணிக்கு அடுத்த வெள்ளை.”

வெள்ளத்துரை பென்சிலால் ‘வெள்ளை’ என்று எழுதினார்.

“எழுதாதீங்க தம்பி! அழுக்கு!”

வெள்ளத்துரை அழித்தார்.

“வெள்ளைங்கேன்!”

எழுதினார். இப்படி ரப்பர் தேய்ந்து தீரும்வரை நடந்தது. அய்யாக்குட்டி மனுவேலைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

“வே, மடத்தனமாப் பேசாதீரும். வெள்ளைன்னா ஒம்ம பாயக் கழட்டிப் போடச் சொல்லுவான்.”

“கழட்டட்டும்.”

“என் ஓலைய அள்ளிட்டுப் போயிருவான்வே!”

“அள்ளட்டும்.”

“அன்னைக்கு டீக்கடையில நீருதானவே மின்னாதுன்னு சொன்னீரு?”

“மின்னாதுன்னு சொன்னேன். அழுக்குன்னு சொன்னனா? கவர்மெண்ட் ரிக்கார்டுல என் பாய் அழுக்குன்னு ஏறிச்சுன்னா நாளைக்கு எந்தக் கொழும்புக்காரன் எனக்குச் சரக்கு ஏத்துவான்?”

அய்யாக்குட்டிக்கு வேறு வழி தோன்றவில்லை. கோபத்தில் பாயின் ஓரத்தைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். அடியில் இருந்த உப்பின்மேல் உச்சி வெயில் விழுந்தது. மூன்று பேரும் ஐயோ என்று கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். வெள்ளத்துரைக்கு அதிலிருந்து ஒரு வாரம் எல்லாமே இரண்டு இரண்டாகத் தெரிந்தது. ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் அந்த வாரம் தினம் இரண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறார். இன்றும் போய்ப் பார்க்கலாம்.

கண்ணைத் திறக்காமலே அய்யாக்குட்டிக்குப் பதில் தெரிந்துவிட்டது.

“வே மனுவேலு, ஒம்ம பாய் வெள்ளை. நான் ஒத்துக்கிடுதேன். இப்பச் சொல்லும், உப்பு வெளுப்பா, பாய் வெளுப்பா?”

மனுவேல் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு யோசித்தார். “உப்புதான். அதுல என்ன வெக்கம்? உப்பு ஆண்டவரு செஞ்சது. பாய் நான் தச்சது.”

“அப்ப பாய் உப்போட வெளிச்சத்த மறைக்குது?” என்றார் வெள்ளத்துரை, எந்த மனுவேலைப் பார்ப்பது என்று தெரியாமல்.

“மறைக்குது!” என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். வெள்ளத்துரைக்கு எழுத்தும் இரண்டாகத் தெரிந்ததால், அய்யாக்குட்டியே அங்கே வைத்துப் பதிலை எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் பாதி தூரம் வந்த பிறகுதான், தாம் மனுவேலின் பாய்க்கே நற்சாட்சி எழுதித் தொலைத்தோம் என்பது அய்யாக்குட்டிக்கு உறைத்தது. அதற்குள் தந்தி போய்விட்டது.

அமைச்சரின் பதில் பத்திரிகையில் ஐந்து வரி வந்தது. ‘(அ) இல்லை. அப்பாய்கள் வெண்மையானவையே எனினும் உப்பைவிட மங்கலானவை. அவை உப்பின் ஒளியை மறைத்து, அம்பாரங்களை மூடியுள்ளன. (ஆ), (இ) எழவில்லை.’ மனுவேல் அதைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு டீக்கடையில் மாட்டினார். ஓலை போட்டிருந்த மிச்சப் பாதி அளத்துக்காரர்களும் ஓலையைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பாய் கேட்டு வரிசையில் நின்றார்கள். பார்லிமென்டே சொல்லிவிட்டதாம். பதினொரு தோணியின் பாயும் பற்றாமல், பழைய பாய், கிழிந்த பாய் எல்லாம் அம்பாரம் ஏறின.

“பட்டாளத்துக்கிட்ட இருந்து ஓலையக் காப்பாத்திட்டியளாமே” என்றாள் அய்யாக்குட்டியின் மனைவி சுடலைமாடத்தி. “யாருக்காவக் காப்பாத்தினீய? கறையானுக்கா?”



பதில் வந்த மூன்றாம் நாள் சண்டை முடிந்தது. ஊர் வெடி போட்டது, விளக்கு ஏற்றியது. அடுத்த வாரமே தோணிகள் கொழும்புக்குப் போகலாம் என்று உத்தரவு வந்தது. மனுவேல் பதினொரு தோணியிலும் வெங்காயத்தையும் கூரை ஓடுகளையும் ஏற்றி நிரப்பிவிட்டு, பாய்களைக் கழற்றி வர ஆள்களோடு அளத்துக்குப் போனார். அங்கே வெள்ளத்துரை சைக்கிளைக் குறுக்கே போட்டுக்கொண்டு நின்றார்.

“பாயத் தொடக்கூடாது மனுவேலு. அம்பாரத்தைப் பாய் மூடியிருக்குன்னு அமைச்சர் சபையில சொல்லியிருக்காக. நீரு எடுத்துட்டா அவுக சொன்னது பொய்யாயிரும். அதுக்குப் பேரு உரிமை மீறல். ஒம்ம டெல்லிக்குக் கூப்புட்டுக் கூண்டுல நிறுத்துவாக.”

“என் பாய்வே!”

“பாய் ஒம்ம பாய். பதில் அவுக பதில்.”

அன்று சாயங்காலம், தொழில் தொடங்கி முதல் தடவையாக, மனுவேல் ஓலைக் கிட்டங்கிக்குள் காலடி வைத்தார். அய்யாக்குட்டி ஓலைக் கட்டு ஒன்றைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே கறையான் பேச ஆரம்பித்திருந்தது.

“அண்ணாச்சி, இன்னொரு கேள்வி கேளும். நீருதான் இதக் கேட்டீருன்னு எனக்குத் தெரியும். கிருபாபாய் சொல்லிட்டா.”

“சபையப் பூட்டிட்டுப் போயாச்சுவே. இனிமே மாசியிலதான் தொறப்பாக.”

“மாசி வரைக்கும் வெங்காயம் இருக்குமா? இப்பமே தோணிக்குள்ள மொளச்சு, பாய்மரத்துல ஏறிட்டு வருது.”

“ஓலை மட்டும் இருக்குமா? தைக்கு மேல தாங்காது.”

இரண்டு பேரும் ஓலைக் கட்டின்மேல் அக்கம்பக்கமாக உட்கார்ந்தார்கள். மனுவேல் டீக்கடையிலிருந்து கழற்றிக்கொண்டு வந்திருந்த அந்தக் கண்ணாடிச் சட்டத்தை எடுத்து, எல்லாம் இதனால் வந்தது என்பதுபோல் அய்யாக்குட்டியிடம் கொடுத்தார். அய்யாக்குட்டி படித்தார். தாம் எழுதிய பதில்தான். ஆனால் இந்த முறை, எதை எழுதாமல் விட்டோம் என்று பார்த்துப் படித்தார். மூன்றாம் தடவை படிக்கும்போது முகம் மாறியது.

“வே, பாய் மூடியிருக்குன்னு எழுதியிருக்கேன்.”

“ஆமா. தெரியும்.”

“எவ்வளவு பாய்ன்னு எழுதல.”

மனுவேல் அவரைப் பார்த்தார்.

“ஒம்மகிட்ட நாறப்பாய் ஒண்ணு இருக்கா? தையலுக்கு ஆகாதது?”

“என் பாய நாறப்பாய்ன்னு சொல்...”

“வே!”

“...இருக்கு. ஒண்ணு இருக்கு.”

மறுநாள் மனுவேல் அந்த ஒரு பாயை அம்பாரத்துக்கு ஒன்றாக எழுபது துண்டாகக் கிழித்தார். ஒவ்வொரு அம்பாரத்திலும் பெரிய பாயை உருவி எடுத்து, அடியிலிருந்து உச்சிவரை பனையோலையைப் போர்த்தி, உச்சியில் கைக்குட்டை அகலத்துக்கு ஒரு பாய்த்துண்டை ஆணியடித்தார்கள். பெரிய பாயைக் கழற்றியவர் மனுவேல் என்பதால் ஓலைச் செலவு அவருடையது. அய்யாக்குட்டி அதில் ஓர் ஓலைக்குக்கூட விலையைக் குறைக்கவில்லை. வெள்ளத்துரை வந்தார், ஒவ்வொரு அம்பாரத்தையும் அண்ணாந்து பார்த்தார், ‘பாய் உள்ளது’ என்று எழுபது தடவை எழுதிக்கொண்டு போனார். பதினொரு தோணியும் பாயை விரித்துக்கொண்டு, முளைத்த வெங்காயம் மேலே பச்சைப் பசேலென்று ஆட, தோட்டம் போவதுபோல் கொழும்புக்குப் போயின.

ஆறு நாளில் கிட்டங்கி காலி. கடைசி வண்டி போனதும் அய்யாக்குட்டி வெறும் தரையில் நடு மத்தியில் நின்று ஒருமுறை கத்திப் பார்த்தார். குரல் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பி வந்தது. அந்தச் சத்தம் அவருக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

அவர் வீடு போய்ச் சேரவும், அந்த வருஷம் ஒன்றிரண்டு மழையோடு போக்குக்காட்டிய பெருமழை பிடித்துக்கொண்டது. சுடலைமாடத்தி அடுக்களையில் அவருக்குச் சோறு போட்டு வைத்திருந்தாள். கூரையிலிருந்து முதல் சொட்டு குழம்புச் சட்டியில் நேராக விழுந்தது. இரண்டாவது அவர் தலையில். பிறகு எண்ண முடியவில்லை.

“அடுக்களைக் கூரைக்குப் பத்து ஓலை எடுத்து வைங்கன்னு ஐப்பசியிலருந்து சொல்லுதேனே. எடுத்து வச்சீயளா?”

“வச்சிருந்தேன் ஏளா. கடைசி வண்டியில ஒரு பத்து கொறஞ்சுது...”

“அதையும் போட்டுட்டீய.”

“போட்டுட்டேன். ஆனா ஒண்ணு பாரு, கிட்டங்கி சுத்தமாக் காலி!”

“ஆமா. அடுக்களைதான் நெறஞ்சிருக்கு. கணுக்கால் அளவு.”

அவர் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மழை தாராளமாகக் கலந்திருந்தது. தூத்துக்குடியில் எழுபது அம்பாரத்தையும் ஒரு கல் கரையாமல் மூடிக் கொடுத்த மனுஷன் நிமிர்ந்து, மனைவியிடம் மெதுவாகச் சொன்னார்:

“ஏளா, கொழம்புல உப்பு இல்ல.”